கார் ஷெட் டைல்ஸை ஜாக்கியும் ஸ்டாண்டும் உடைக்காமல் காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முன் சக்கரத்து பிரேக் பேடு மாற்றலாம் என்று போர்டிகோவிலேயே வண்டியைத் தூக்கினேன். டிராலி ஜாக்கியின் கைப்பிடியை ஏழெட்டு முறை அடித்திருப்பேன். சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரத்தில் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம். வண்டியில்தான் ஏதோ போய்விட்டது என்று பயந்து இறக்கிவிட்டுப் பார்த்தேன். ஜாக்கியின் முன் உருளை நின்ற இடத்திலிருந்து டைலின் மூலை வரை தலைமுடி கனத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. வீடு குடிபுகுந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

அந்த டைலின் மேல் அதே கார் தினமும் ஏறி இறங்கியிருக்கிறது. ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை. காரே உடைக்காத டைலை, காரில் பாதி எடையை மட்டும் தூக்கிய ஜாக்கி எப்படி உடைத்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கார் உடைக்காததை ஜாக்கி ஏன் உடைக்கிறது?

டயரில் 32 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். சதுர சென்டிமீட்டருக்குச் சொன்னால் அது 2.25 கிலோ. டயர் தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அதே அளவில்தான். எடை கூடினால் டயர் கொஞ்சம் அமுங்கி, இன்னும் அகலமாகத் தரையில் படும். அதனால்தான் 900 கிலோ கார் ஆனாலும் 1800 கிலோ கார் ஆனாலும் டைலுக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.

ஜாக்கிக்கு அப்படி அமுங்கும் குணம் கிடையாது. சின்ன காரின் முன்பக்கத்தை நடுவில் வைத்துத் தூக்கினால் 500 கிலோ வரை ஜாக்கியில் இறங்கும். அதில் பெரும்பகுதி முன்னால் இருக்கும் இரண்டு இரும்பு உருளைகளின் மேல் விழும். உருளை வட்டமானது. தரையில் படுவது 3 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலம் உள்ள ஒரு கோடு மட்டுமே. இரண்டையும் சேர்த்தால் 1.2 சதுர சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் சதுர சென்டிமீட்டருக்கு 400 கிலோவைத் தாண்டுகிறது. வீடுகளில் போடும் எம் 20 கான்கிரீட்டின் தாங்குதிறனே சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோவை ஒட்டித்தான். வெறும் கான்கிரீட் தரையிலும் ஜாக்கி உருளை தழும்பு போடுவது இதனால்தான்.

இது பாதிக் காரணம். மீதி, டைலுக்கு அடியில் இருக்கிறது.

விட்ரிஃபைடு டைல்ஸுக்கு ஒரு சோதனை உண்டு. டைலை இரண்டு தண்டுகளின் மேல் கிடத்தி நடுவில் அழுத்துவார்கள். 7.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் கனமுள்ள டைல் குறைந்தது 1300 நியூட்டன் தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் தரம். கிலோவில் சொன்னால் 130-ஐ ஒட்டி வரும். அவ்வளவுதான்! அடியில் பிடிமானம் இல்லாத டைலின் பலம் இரண்டு பெரிய ஆட்களின் எடைகூட இல்லை. அதே டைல் அடி முழுக்கக் கலவையில் உட்கார்ந்திருந்தால் வளைய இடமே இருக்காது. டன் கணக்கில் தாங்கும். ஆகவே உடைப்புக்கு இரண்டு பேர் கூட்டு: மேலே நாணயம் அளவுகூட இல்லாத இடத்தில் குவியும் பாரம், கீழே ஒரு காலி இடம். நாம் செய்யப்போவதும் இரண்டே வேலை. காலி இடத்தைக் கண்டுபிடிப்பது, பாரத்தைப் பரப்புவது.

முதல் வேலை: தட்டிப் பார்ப்பது

செலவே இல்லாத வேலை. ஆனால் யாரும் செய்வதில்லை. தெருவில் சத்தம் இல்லாத நேரமாகப் பார்த்து, காரை வெளியே எடுத்துவிட்டு, ஒரு ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு டைலிலும் நான்கு மூலை, நடு என்று ஐந்து இடத்தில் மெதுவாகத் தட்டுங்கள். கலவை நிறைந்திருக்கும் இடத்தில் சத்தம் ‘டிக்’ என்று சுருக்கமாக நின்றுவிடும். காலியாக இருந்தால் கவிழ்த்த பானையைத் தட்டியது போல ‘டொம்’ என்று கொஞ்சம் நீளும். பத்து டைல் தட்டினாலே காது பழகிவிடும். காலி இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டு, கடைசியில் மேலே நின்று ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் போர்டிகோவில் 48 டைல். அதில் 11-இல் ஏதாவது ஒரு மூலை காலி. உடைந்த டைலைப் பெயர்த்தபோது காரணம் கண்ணெதிரே தெரிந்தது. நடுவில் ஒன்று, சுற்றி நான்கு என்று உள்ளங்கை அளவில் ஐந்து இடத்தில் கலவையை வைத்து, அதன் மேல் டைலை அமுக்கியிருக்கிறார்கள். பொட்டுகளுக்கு இடையில் விரல் நுழையும் இடைவெளி. சுவர் டைலுக்கு அப்படி ஒட்டிப் பழகிய கை, தரையிலும் அதையே செய்துவிடுகிறது. மட்டம் பார்க்க எளிது, வேலை சீக்கிரம் முடியும். ஆள் நடக்கும் ஹாலில் இது பல வருடம் தெரியாமலே போகும். கார் நிற்கும் இடத்தில் போகாது.

தட்டும்போது இன்னொன்றையும் பாருங்கள், இது டைலைவிட முக்கியம். நம் ஊர் வீடுகளில் சம்ப், செப்டிக் டேங்க் இரண்டும் பெரும்பாலும் போர்டிகோவுக்கு அடியில்தான் இருக்கும். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு தோண்டிய குழியும் பல வீடுகளில் அங்கேதான். சம்ப்பின் மேல் மூடு பலகமும் அதன் வாய் மூடியும் ஜாக்கியின் பாரம் ஒரே புள்ளியில் இறங்குவதை மனதில் வைத்து போட்டவையாக இருக்காது. எவ்வளவு கனமான பலகை வைத்தாலும் சரி, சம்ப்பின் மேல் ஜாக்கி வைக்காதீர்கள். அங்கே உடைவது டைல் மட்டுமாக இருக்காது, அப்போது நீங்கள் காருக்கு அடியில் படுத்திருக்கக்கூடும். சம்ப் எதுவரை இருக்கிறது என்று தெரியாவிட்டால் வீடு கட்டிய மேஸ்திரியிடம் கேட்டு, சுவரில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: வண்டியை எங்கே நிறுத்துவது

காரின் ஜாக்கிப் புள்ளிகள் எங்கே வரும் என்று ஒருமுறை அளந்துவிட்டால் போதும். பக்கவாட்டில், முன் சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும் பின் சக்கரத்துக்குச் சற்று முன்னாலும், வண்டியின் அடி விளிம்பில் சின்ன வெட்டு அடையாளம் இருக்கும். அந்த நான்கு இடத்துக்கும் நேர் கீழே எந்த டைல் வருகிறது என்று பாருங்கள். காலி டைல் வந்தால் வண்டியை அரை அடி முன்னாலோ பின்னாலோ நகர்த்தினால் தீர்ந்துவிடும். சரியான இடம் கிடைத்ததும் டிரைவர் பக்கக் கண்ணாடிக்கு நேராகச் சுவரில் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். அடுத்தமுறை அளக்க வேண்டியதில்லை.

முடிந்தவரை ஜாக்கி டைலின் நடுவில் வர வேண்டும். மூலையும் ஓரமும்தான் பலவீனம். நான்கு டைல் சேரும் இடத்தில் உருளை நின்றால், ஒன்றாவது சில்லு பெயர்ந்துவிடும்.

மூன்றாவது: பலகை

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். விலை உயர்ந்த மேட், ரோல் எல்லாவற்றையும்விட ஒரு நல்ல பிளைவுட் துண்டு டைலைக் காப்பாற்றும்.

அதே பழைய கணக்கை மறுபடி போடுவோம். 18 மி.மீ. பிளைவுட்டை உருளைக்கு அடியில் வைத்தால் பாரம் பலகைக்குள் விரிந்துகொண்டே இறங்கும். ஏறத்தாழ பலகையின் கனம் எவ்வளவோ அவ்வளவு எல்லாப் பக்கமும் அகலும். ஓர் உருளைக்கு 0.6 சதுர சென்டிமீட்டராக இருந்தது டைலைத் தொடும்போது 25 ஆகிவிடுகிறது. 400 கிலோ அழுத்தம் 10 கிலோவாக இறங்குகிறது. டயரைவிட நான்கைந்து மடங்கு அதிகம்தான், ஆனால் நன்றாகப் பதிந்த டைலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

கடையில் கேட்கும்போது பி.டபிள்யூ.பி. கிரேடு, ஐ.எஸ். 710 என்று கேளுங்கள். மரைன் பிளை என்றாலும் புரியும். போர்டிகோவில் மழைச் சாரல் அடிக்கும், வண்டி கழுவும் தண்ணீர் ஓடும். சாதாரண கமர்ஷியல் பிளை ஒரே மழைக்காலத்தில் அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். புது ஷீட் வாங்கத் தேவையில்லை. மாடுலர் கிச்சன் செய்யும் பட்டறைகளில் மீதித் துண்டு கிடக்கும், கேட்டால் பாதி விலைக்குத் தருவார்கள்.

டிராலி ஜாக்கிக்கு 2 அடிக்கு 4 அடி பலகை ஒன்று. தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஸ்டாண்டுகளுக்கு 1 அடிச் சதுரத்தில் நான்கு. ஒவ்வொன்றையும் இரண்டு துண்டு சேர்த்து ஒட்டி 36 மி.மீ. ஆக்கிவிடுங்கள். ஸ்டாண்டின் கால் ஆங்கிள் இரும்பின் ஓரம். கத்தி மாதிரி இறங்கும், ஒற்றைப் பலகையில் நாளாக ஆகப் பள்ளம் விழும். பலகையின் அடியில் 3 மி.மீ. ரப்பர் ஷீட்டை ரப்பர் பசையால் ஒட்டுங்கள். பாலிஷ் டைலின் மேல் வெறும் பிளைவுட் வழுக்கும். டைலுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் ரப்பர் அதை விழுங்கிக்கொள்ளும்.

ஜாக்கிப் பலகையின் மேல்பக்கம் நான் 2 மி.மீ. எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) இரும்புத் தகடு அடித்திருக்கிறேன். வெல்டிங் பட்டறையில் அளவு சொன்னால் வெட்டித் தருவார்கள். திருகின் தலை தகட்டுக்கு மேலே துருத்தாமல் குடைந்து இறக்கச் சொல்லுங்கள். இந்தத் தகடு அலங்காரத்துக்கு இல்லை. டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை. வில் போல வளைந்து போகும். வண்டி உயர உயர ஜாக்கி தானாகக் கொஞ்சம் உருண்டு நகர்ந்தால்தான் அதன் தலை காரின் அடியில் அதே புள்ளியில் நிற்கும். உருளை பலகையில் புதைந்து நின்றுவிட்டால் தலை வழுக்கும், அல்லது காரை இழுக்கும். இரண்டுமே ஆபத்து.

மெத்தென்ற மேட்டின் மேல் நேரடியாக ஜாக்கி வைக்காதீர்கள் என்று சொல்வதும் இதே காரணத்தால்தான். யோகா மேட், ஜிம் தரைக்கு வரும் ஃபோம் துண்டுகள் எல்லாம் பாரத்தைப் பரப்பவே பரப்பாது, உருளை அடிவரை இறங்கிவிடும். ரப்பருக்கும் தனியாக அந்தச் சக்தி இல்லை. மேலே கெட்டி, கீழே மெத்து என்பதுதான் சூத்திரம். இதை மாற்றி வைத்தால் பயனில்லை.

செங்கல், ஹாலோ பிளாக், கிரானைட் துண்டு, மீதி டைல் இவற்றில் எதையும் ஜாக்கிக்கோ ஸ்டாண்டுக்கோ அடியில் வைக்காதீர்கள். வீட்டில் கைக்குக் கிடைப்பது இவைதான் என்பதால் சொல்கிறேன். இவை எல்லாம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரே நொடியில் நொறுங்கும் ரகம். மரம் நொறுங்குவதற்கு முன்னால் முனகும், வளையும். நமக்கு விலகிக்கொள்ள நேரம் கொடுக்கும்.

நான்காவது: தூக்கும்போது

முதலில் துடைப்பம். டைலில் கிடக்கும் ஒரு எம் சாண்ட் துகள், 500 கிலோ பாரத்தின் கீழே உளி முனை மாதிரி வேலை செய்யும். பலகை வைக்கும் இடத்தைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டுப் பலகையை வையுங்கள்.

போர்டிகோவுக்கு வாசலை நோக்கிச் சரிவு கொடுத்திருப்பார்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். டைலின் மேல் மரக்கட்டை சறுக்கும், அதற்கும் அடியில் ரப்பர் ஒட்டியிருந்தால் நல்லது. வீல் நட்டை சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு அதன் மேல் ஏறி மிதித்தால், அந்த அதிர்வு முழுக்க ஜாக்கி வழியாக டைலுக்குத்தான் போகும்.

ஜாக்கியைப் பலகையின் நடுவுக்குக் கொஞ்சம் பின்னால் நிறுத்துங்கள், உருண்டு முன்னேற இடம் வேண்டும். உருளை பலகையின் ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளேயே இருக்கட்டும். தூக்கியதும் ஸ்டாண்டைப் பலகையோடு சேர்த்துத் தள்ளி, நான்கு காலும் சமமாகப் படுகிறதா என்று குனிந்து பாருங்கள். ஒரு கால் தொங்கினால் மற்ற மூன்றில் பாரம் கூடிவிடும். ஸ்டாண்ட் இல்லாமல் வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகவே கூடாது என்பதை டைல் பேச்சின் நடுவிலும் சொல்லத்தான் வேண்டும்.

இறக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வால்வை ஒரே திருகாகத் திருகினால் கார் தொபுக்கென்று இறங்கும். அந்த ஒரு நொடியில் தரை வாங்கும் அடி, நிற்கும் எடையைவிட மிகவும் அதிகம். கைப்பிடியை நூலிழை அளவுக்குத் திருகி, ஹைட்ராலிக் எண்ணெய் சீறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மெல்ல இறக்குங்கள்.

காரோடு வரும் கத்தரி ஜாக்கிக்கு உருளை இல்லை, அடித்தகடு மட்டும்தான். அதற்கு 1 அடிப் பலகையே போதும். பாட்டில் ஜாக்கியின் அடி தட்டையாக இருப்பதால் டைலுக்கு நல்லது, ஆனால் ஒல்லியாக உயரமாக நிற்பதால் சாய்ந்துவிடும். சரிவான போர்டிகோவில் எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை.

நிரந்தரமாக நிற்கும் கனங்கள்

கம்ப்ரெஸர், டூல் டிராலி, வைஸ் பொருத்திய மேசை, இன்ஜின் தூக்கும் கிரேன். இவற்றில் கம்ப்ரெஸர்தான் மெதுவாகக் கொல்லும். எடை 50, 60 கிலோ என்றாலும் ஓடும்போதெல்லாம் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வில் டைலுக்குக் கீழே இருக்கும் கலவை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போகும். அதன் நான்கு காலுக்கும் தடித்த ரப்பர் புஷ் போட்டு, முழுசாக ஒரு பலகையின் மேல் ஏற்றிவிடுங்கள்.

டூல் டிராலியில் வார்ப்பிரும்புச் சக்கரம் இருந்தால் கழற்றிவிட்டு பாலியூரித்தேன் சக்கரம் மாற்றுங்கள். ஹார்டுவேர் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. இன்ஜின் கிரேனை பாரத்தோடு டைலின் மேல் உருட்டவே கூடாது. உருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பாதை முழுக்கப் பலகை போட்டு, பலகைகளின் இணைப்பில் தகடு வைத்து உருட்டுங்கள்.

காரைத் தூக்கும் இரண்டு தூண் லிஃப்ட் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: டைலின் மேல் அது வேண்டாம். அந்தத் தூண்கள் ஆங்கர் போல்ட்டால் கான்கிரீட்டைக் கவ்வித்தான் நிற்கின்றன. நடுவில் டைலும் கலவையும் இருந்தால் பிடிமானம் பொய். அந்த இடத்து டைலை எடுத்துவிட்டு, லிஃப்ட் தயாரிப்பாளர் சொல்லும் கனத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் போட்ட பிறகே பேச்சு.

கை தவறி விழுவது

அழுத்தத்துக்குப் பலகை, அடிக்கு ரப்பர். பிரேக் டிரம், சுத்தியல், வீல் ஸ்பேனர் எது விழுந்தாலும் விட்ரிஃபைடு டைலில் பிறை வடிவத்தில் ஒரு சில்லு பெயரும். இதற்கு நான் கண்ட நல்ல தீர்வு கார் கடையில் இல்லை, மாட்டுத் தீவனக் கடையில் இருக்கிறது. மாட்டுத் தொழுவத்தில் விரிக்கும் ரப்பர் மேட். 15 மி.மீ.-க்கு மேல் கனம், ஓர் ஆள் உயரத்துக்கு நீளம். மாட்டின் குளம்பையே தாங்குவதற்குச் செய்தது, ஸ்பேனருக்கெல்லாம் அசையாது. மேல்பக்கம் வரிவரியாக இருப்பதால் எண்ணெய் சிந்தினாலும் கால் வழுக்காது. அளவுக்கு வெட்டும்போது கத்தியை அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ரப்பர் பிடிக்காமல் போகும். வாங்கிய புதிதில் வாடை அடிக்கும், இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடந்தால் குறையும்.

வேலை முடிந்ததும் மேட்டைச் சுருட்டி ஓரமாக வையுங்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால் அடியில் ஈரமும் மண்ணும் சேரும். வெளிர் நிற, பளபளப்பில்லாத டைலில் கறுப்பு ரப்பர் கறையும் படியலாம்.

இன்னொரு பழக்கம். நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்காதீர்கள். டயர் அதே இடத்தில் அரைபடும்போது அதில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி டைலைத் தேய்க்கும். வண்டி சற்று நகர்ந்துகொண்டிருக்கும்போது திருப்புங்கள்.

எண்ணெயும் ஆசிட்டும்

விட்ரிஃபைடு டைல் எண்ணெயைக் குடிக்காது; அதன் இடைவெளியில் இருக்கும் சிமெண்ட் கிரவுட் குடிக்கும். சிமெண்டில் செய்த செக்கர்டு டைல்ஸ் என்றால் டைலே குடிக்கும். சிந்தியவுடன் மரத்தூளைக் கொட்டி, காலால் மிதித்து, பத்து நிமிடம் கழித்துப் பெருக்கினால் பெரும்பகுதி போய்விடும். மீதிக்கு சோப்புத்தூளும் தேய்க்கும் பிரஷும். பேட்டரி ஆசிட் சிந்தினால் உடனே ஆப்ப சோடாவைத் தூவி, நுரை அடங்கியதும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் நம் வீடுகளில் ரொம்ப உண்டு. தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். டைல் பளபளக்கும், ஆனால் கிரவுட் கரைந்து நுரைத்துப் போகும். அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, கலவையை அரித்து, நாம் சாக்பீஸால் வட்டமிட்ட காலி இடங்களை இன்னும் பெரிதாக்கும். டைல் உடையும் கதை பல வீடுகளில் ஜாக்கியில் தொடங்குவதில்லை, இந்த ஆசிட் பாட்டிலில் தொடங்குகிறது.

இனிமேல்தான் டைல்ஸ் போடப்போகிறீர்களா?

உங்களுக்குத்தான் வழி சுலபம். உள்ளே ஹாலில் மிஞ்சிய டைலைப் போர்டிகோவில் போட ஒப்புக்கொள்ளாதீர்கள். குஜராத்தின் மோர்பியிலிருந்து நம் ஊர் கடைகளுக்கு வரும் ஹெவி டியூட்டி பார்க்கிங் டைல்ஸ் 12 மி.மீ. கனத்தில் கிடைக்கிறது. 300க்கு 300 அல்லது 400க்கு 400 மி.மீ. அளவே போதும். பெரிய டைல் பார்க்க அழகு, ஆனால் அடி முழுக்கக் கலவை நிறைப்பது கடினம். பெட்டியில் ஐ.எஸ். 15622 குறி இருக்கிறதா, தண்ணீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பாருங்கள்.

டைலைவிட அடித்தளம் முக்கியம். மண் நிரப்பிய இடத்தைத் தண்ணீர் விட்டு நன்றாக இறுக்கி, ஜல்லி கான்கிரீட் போட்டு, அது இறுகிய பிறகே டைல். ஒட்டுவதற்கு டைல் அடெசிவ் வாங்கினால் ஐ.எஸ். 15477-இல் டைப் 2 அல்லது அதற்கு மேல். பல் கரண்டியால் தரையில் இழுத்து, டைலின் முதுகிலும் மெல்லியதாகப் பூசச் சொல்லுங்கள். பிறகு ஒரு வேலை செய்யுங்கள். மேஸ்திரி ஐந்தாவது டைல் வைத்ததும், ‘அண்ணே, இதை ஒருதடவை எடுத்துக் காட்டுங்க’ என்று கேளுங்கள். முதுகு முழுக்கக் கலவை ஒட்டியிருக்க வேண்டும். முதலில் முகம் சுளிப்பார்தான். ஆனால் அன்றைக்கு மீதி டைல் அத்தனையும் நிறைவாக விழும். நான் தம்பி வீட்டில் இப்படிக் கேட்டேன், அங்கே இன்றுவரை ஒரு டைல்கூட ‘டொம்’ என்று சத்தம் போடவில்லை.

டைலுக்கு டைல் 3 மி.மீ. ஸ்பேசர் கட்டாயம். வெயிலில் 6 மீட்டர் நீளத் தரை, 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடைவெளி இல்லாவிட்டால் ஏப்ரல், மே மாதத்தில் டைல்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கூரை மாதிரி எழும்பும்; எழும்பிய டைல் ஜாக்கிக்கு முதல் பலி. 10, 12 அடிக்கு ஒருமுறை சிமெண்ட் இல்லாமல் சீலன்ட் அடைத்த ஓர் இணைப்பும் விடச் சொல்லுங்கள். சாதாரணக் கலவையில் போட்டிருந்தால் 28 நாள் வரை ஜாக்கி வைக்க வேண்டாம்.

பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் டைல்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். அதன் அடிப்பக்கம் வெறும் சட்டங்கள்; நடுவெல்லாம் காலி. ஸ்டாண்டின் கால் அதை நேராகத் துளைத்துவிடும். பலகை இல்லாமல் அதன் மேல் எதுவும் வைக்காதீர்கள், அல்லது வேலை செய்யும் இடத்தில் நான்கு டைலைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

ஏற்கெனவே உடைந்திருந்தால்

காலி மூலை மட்டும், விரிசல் இல்லை என்றால் கிரவுட்டில் 5 மி.மீ. துளை போட்டு, தண்ணீர் போல் ஓடும் எபாக்ஸியை ஊசியால் ஏற்றலாம். இன்னொரு துளையில் அது வெளியே எட்டிப் பார்த்தால் நிரம்பியது என்று அர்த்தம். சின்ன காலிக்கு நன்றாக வேலை செய்யும். பாதி டைல் காலி என்றால் மாற்றுவதே மேல்.

மாற்றும்போது முதலில் சுற்றியுள்ள கிரவுட்டைக் கட்டிங் மெஷினால் அறுத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் உளி வைத்தால் பக்கத்து டைலும் சேர்ந்து போகும். நடுவில் உடைத்து ஓரத்தை நோக்கி வாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், விட்ரிஃபைடு சில்லு பிளேடு மாதிரி பறக்கும். பழைய கலவையை முழுக்கச் சுரண்டி, தூசி போகத் துடைத்து, அடெசிவ் நிறைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் பாருங்கள். ஒருநாள் கழித்து நடக்கலாம். காரை ஒரு வாரமாவது ஏற்றாதீர்கள், ஜாக்கி இரண்டு வாரம் பொறுக்கட்டும்.

இதற்கெல்லாம் அதே டைல் கையில் இருக்க வேண்டும். நிறம் ஒன்று போலத் தெரிந்தாலும் வேறு பேட்ச் என்றால் சாயல் மாறிவிடும். வாங்கும்போதே ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிப் பரணில் போடுங்கள். பெட்டியின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் பேட்ச் எண்ணையும் ஷேடு எண்ணையும் அன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள். மூன்று நான்கு வருடத்தில் டைல் அப்படியே இருக்கும், அந்த அட்டையைக் கரையான் தின்றிருக்கும்.